பழைய டிரெய்லரா, மேட்டடாரா, டிராவலரா? நம்ம கிருஷ்ணகிரி ரோட்டுக்கு எது செட்டாகும்

கொஞ்ச நாளா நம்ம பக்கம் பழைய வண்டிய வாங்கி தங்குற வீடா மாத்துற ஆசை நிறைய பேருக்கு வந்திருக்கு. ஓசூர்ல கம்பெனி வேலை பாக்குற பசங்க, காவேரிப்பட்டணம் சைடுல தோப்பு வச்சிருக்கிறவங்க, ரிட்டயர் ஆன வாத்தியாருங்க கூட கேக்குறாங்க. அமெரிக்காவுல எவனோ ஒருத்தன் புதர்ல கெடந்த அம்பது வருஷத்து டிரெய்லர இழுத்துட்டு வந்து, சொரண்டி, பாலிஷ் போட்டு, உள்ள கட்டிலும் அடுப்பும் வச்சு குடும்பத்தோட கிளம்புற வீடியோ பாத்துட்டு, நாமளும் ஒரு பழசு புடிச்சு சரி பண்ணா என்னன்னு ஒரு எண்ணம். எனக்கும் மச்சானுக்கும் அதே ஆசைதான், அதனாலதான் தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் ஷெட்டு ஷெட்டா ஏறி இறங்கிட்டு இதை எழுதுறேன். என் முடிவ முதல்லயே சொல்லிடறேன்: வண்டி ஓடணும்னா பழைய டெம்போ டிராவலர், ஒரே எடத்துல நிக்கப் போகுதுன்னா டிரெய்லர், அந்தக் காலத்து மேட்டடார் வேன் மேல உயிரே இருக்குன்னா மட்டும் மேட்டடார். ஏன்னு கேட்டா பேப்பர், அடிச்சட்டம், ஸ்பேர் இந்த மூணும்தான் காரணம், அழகு கணக்குலயே வரல.

வீடியோவுல வர்ற அந்த டிரெய்லருங்கள பத்தி முதல்ல பேசிடுவோம், ஏன்னா அதுல எது கெட்டுப் போகும், எது கெட்டுப் போகாதுன்னு தெரிஞ்சாதான் நம்ம ஊர்ல எதை வாங்கினாலும் எங்க குத்திப் பாக்கணும்னு தெரியும். மொத்தமா மூணு ஜாதி. ஒண்ணு மரச்சட்டத்து மேல மெல்லிசா அலுமினிய தகடு அடிச்சது, பக்கத்துல இருந்து பாத்தா டின் டப்பா மாதிரி உருண்டையா இருக்கும், ஷாஸ்டா கம்பெனியோடதுல பின்னாடி ரெண்டு பக்கமும் சின்ன றெக்க கூட இருக்கும், விலை குறைவா அங்க நிறைய கிடைக்கிறது இந்த ஜாதிதான். ரெண்டாவது ஏர்ஸ்ட்ரீம், மேல் ஓடு முழுக்க அலுமினியம், ஏரோப்ளேன் மாதிரி ரிவெட் அடிச்சது. மூணாவது ஃபைபர், மேல் பாதி கீழ் பாதின்னு ரெண்டு ஓடா வார்த்து நடுவுல ஒட்டினது.

மரச்சட்ட டிரெய்லர் இருக்கே, அது வெளிய பளபளன்னு இருந்து கொட்டைக்குள்ள வண்டு இருக்கிற மாங்கா. தகடு ஜாயின்ட் ஆகுற மூலையில ஒரு பட்டி ஓடும், அதுக்கு அடியில புட்டி டேப் வச்சிருப்பாங்க, இருபது வருஷத்துல அது காஞ்சு வெடிச்சிடும், அந்த ஸ்க்ரூ ஓட்டை வழியா தண்ணி இறங்கி உள்ள இருக்கிற சட்டத்த ஊற வச்சு, வெளிய தகடு அப்படியே நிக்க உள்ள மரம் மட்டும் காபித்தூள் கலர்ல உதிர்ந்து போயிருக்கும். சும்மா பெயிண்ட் அடிச்சு திரை மாட்டினா போதும்னு வாங்குறவன், கடைசில முழு வண்டியையும் பிரிச்சு, பழைய சட்டத்த அளவுக்கு வச்சு புதுசா அறுத்து, திரும்ப தகடு போர்த்துற வேலையில மாட்டிக்குறான். அதுல ஒரு நல்ல விஷயம், ஆசாரி வேலை தெரிஞ்சா யாரும் பண்ணிடலாம், ஸ்பெஷல் மெஷின் எதுவும் வேணாம்.

ஏர்ஸ்ட்ரீம் கதை வேற. 1934-ல ஹாலி பௌலஸ்னு ஒருத்தர் ரோட் சீஃப்னு ஒரு அலுமினிய டிரெய்லர் பண்ணார், ஆளு கிளைடர் செய்றவர், லிண்ட்பெர்க் அட்லாண்டிக் தாண்டின அந்த ஏரோப்ளேன் கட்டுறப்ப மேற்பார்வை பாத்தவர். அந்த டிசைன் வழியா வந்ததுதான் 1936-ல வாலி பயாம் விட்ட ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர். அதே பயாம் 1959-ல ஒரு கூட்டத்தையே கூட்டிட்டு கேப் டவுன்ல இருந்து கெய்ரோ வரைக்கும் டிரெய்லர இழுத்துட்டே போனார், ஆப்பிரிக்கா முழுக்க அந்தக் காலத்து ரோட்டுல, அதனால டிரெய்லர்னாலே நல்ல ரோடு வேணும்னு யாராவது சொன்னா நம்ப வேணாம். ஏர்ஸ்ட்ரீம்ல மேல் ஓடு சாகாது, அடிதான் சாகும். அடிச்சட்டமா இரும்பு சேஸ், அது மேல பிளைவுட் தரை, அது மேல அலுமினிய ஓடு, மூணும் போல்ட்ல சேந்திருக்கும். பின்பக்கம் தண்ணி இறங்கி பிளைவுட் ஊறிப்போனா போல்ட்டுக்கு பிடிமானம் இல்லாம ஓடு தனி சேஸ் தனின்னு ஆயிடும். அதைக் கண்டுபிடிக்க அங்க ஒரு வழி வச்சிருக்காங்க, பின் பம்பர் மேல ஏறி நின்னு லேசா குதிக்கிறது, பம்பர் மட்டும் ஆடி ஓடு அசையாம இருந்தா உள்ள பிரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். ஆக்ஸிலும் அப்படித்தான், 1961-ல இருந்து கமான் பட்டை கிடையாது, குழாய்க்குள்ள ரப்பர் தண்டு முறுக்கித்தான் ஸ்பிரிங் வேலை செய்யும். அந்த ரப்பர் வயசாகி செட் ஆயிடுச்சுன்னா ரிப்பேரே இல்லை, ஆக்ஸில மாத்தியே ஆகணும். காலி வண்டியில சக்கரத்த பிடிச்சிருக்கிற கை கீழ் நோக்கி சரிஞ்சிருந்தா உயிர் இருக்கு, மட்டமாவோ மேல் நோக்கியோ இருந்தா கதை முடிஞ்சது.

மூணாவது ஃபைபர், எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்சது. 1968-ல கனடா வின்னிபெக்ல ரே ஒலெக்கோன்னு ஒருத்தர் போலர்னு 13 அடி டிரெய்லர் பண்ணார், காலியா 450 கிலோ பக்கம்தான். அதுக்கு முன்னாடி ஆளு ஃபைபர்ல செப்டிக் டேங்க் பண்ணிட்டிருந்தவர், தண்ணி வெளிய போகாத டேங்க் செய்யத் தெரிஞ்சவனுக்கு தண்ணி உள்ள வராத வண்டி செய்றது கஷ்டமா என்ன. சுவத்துல மரம் இல்ல, மூலை ஜாயின்ட் இல்ல, ஜன்னல் ரப்பரும் மேல் மூடி ஓட்டையும் பாத்துக்கிட்டா போதும், அதனால அம்பது வருஷத்துக்கு அப்புறமும் அங்க அதுக்கு நல்ல விலை. இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, ஃபைபர் வார்க்கிற வேலை நம்ம ஓசூர் பக்கத்துலயே தெரிஞ்ச வேலை. கம்பெனிக்கு தொட்டி, மொபைல் டாய்லெட், செக்யூரிட்டி கேபின் எல்லாம் பண்றாங்க, அவங்க கிட்ட ஒரு மோல்டு பேசிப் பாத்தா என்னன்னு எனக்கு ஒரு ஆசை ஓடிட்டே இருக்கு, சரி அது வேற கதை.

அப்ப அங்கிருந்தே ஒண்ணு இறக்கிடலாமான்னு சிலர் கேக்குறாங்க, அமெரிக்காவுல மாமா பையன் இருக்கான் அனுப்பி விடுவான்னு. வேணாம். கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் கட்டி இறக்கினாலும் இங்க ரிஜிஸ்டர் பண்ற பாடு தனி. பழைய மோட்டார் வண்டிக்கே 3 வருஷத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாதுன்னு இறக்குமதி விதி கறாரா இருக்கிற நாடு இது. அதை விடுங்க, அமெரிக்க டிரெய்லர்ல கதவு வலது பக்கம் இருக்கும், ஏன்னா அங்க வண்டி வலது ஓரம் நிக்கும், நம்ம ஊர்ல இடது ஓரம் நிறுத்திட்டு கதவத் திறந்தா குழந்தைங்க நேரா என்எச் 44-ல காலை வைக்கும். கரண்டும் அங்க 110 வோல்ட்டு, உள்ள இருக்கிற ஃபிரிட்ஜ் விளக்கு எல்லாத்தையும் கழட்டிப் போடணும். காசு கொட்டிக் கிடக்குற ஆளுங்க பண்ணட்டும்.

உள்ளூர்ல டிரெய்லர்னா என்ன கிடைக்குது? ரோடு காண்ட்ராக்ட் எடுக்கிறவங்க சைட்டுல ஆளுங்க தங்க சக்கரம் வச்ச இரும்பு கேபின் வச்சிருப்பாங்க, வேலை முடிஞ்சதும் எங்கயாவது ஓரமா கெடக்கும். அப்புறம் பழைய டிராக்டர் டிரெய்லர் சேஸ், காயலான் கடையில எடைக்கு எடுத்து மேல ஸ்கொயர் பைப்ல கூடு கட்டலாம்னு நெறைய பேர் ஐடியா சொல்வாங்க. கட்டலாம், யாரும் தடுக்கல, ஆனா ரோட்டுல இழுக்கிறதுதான் பிரச்சனை. மோட்டார் வாகனச் சட்டம் 61-வது பிரிவு படி டிரெய்லருக்கும் தனியா ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், வண்டிக்கு இருக்கிற மாதிரி அதுக்கும் நம்பர், ஆர்சி. மத்திய அரசு 2004-ல போட்ட வண்டி வகை லிஸ்ட்ல சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், டிரெய்லர்னு ஒரு வகையே இருக்கு, டி போர்டு (வாடகை வண்டி) இல்லாம சொந்த வண்டியா வைக்கலாம், அதனால சட்டத்துல எடமே இல்லன்னு யாராவது சொன்னா அது தப்பு. ஆனா ஷெட்டுல நாமளா வெல்டிங் வச்ச பொட்டிக்கு ஆர்சி வாங்கணும்னா டிசைன் அப்ரூவல் கேப்பாங்க, ஒரே ஒரு வண்டிக்காக அந்த அலைச்சல் எடுத்து முடிச்சவங்கள நான் இன்னும் நேர்ல பாக்கல. டிராக்டர் டிரெய்லரோட ஆர்சிய வச்சு ஓட்டிக்கலாம்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க, விவசாய டிரெய்லர்னு போட்டிருக்கிற பேப்பர்ல வீட்ட கட்டி பொலேரோவுல இழுத்துட்டு போய் ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான்.

பேப்பர் சரியா அமைஞ்சாலும் ஓட்டுறது தனி வித்தை. டிரெய்லர்ல மொத்த எடையில 10-ல இருந்து 15 சதவீதம் கொக்கி மேல உக்காரணும், அதுக்கு குறைஞ்சா வேகம் எடுக்கிறப்ப பின்னாடி வால ஆட்ட ஆரம்பிச்சிடும், நாம பிரேக் அடிச்சா இன்னும் மோசமாகும். அதனால தண்ணி டேங்க், பேட்டரி, சிலிண்டர்னு கனமானது எல்லாம் ஆக்ஸிலுக்கு நேர் மேலயோ கொஞ்சம் முன்னாடியோ வரணும், அழகா இருக்குன்னு பின் மூலையில கிச்சன வச்சு அங்கயே 50 லிட்டர் தண்ணிய வச்சா தொப்பூர் கணவாய் இறங்குறப்ப தெரியும். தர்மபுரியில இருந்து சேலம் போறப்ப அந்த இறக்கத்துல லோடு லாரிங்களே தடுமாறுது, அதுல பிரேக் இல்லாத ஒரு டன் பொட்டிய பின்னாடி கட்டிட்டு இறங்குறத நினைச்சாலே எனக்கு வயித்தக் கலக்குது. டிரெய்லருக்குன்னு தனி பிரேக் வேணும், இழுக்கிற வண்டி வேகம் குறைச்சா டிரெய்லர் முன்னாடி அழுத்தி அதுவே தன் பிரேக்க பிடிக்கிற மாதிரி கொக்கி இருக்கு, அது இல்லாம வாங்கவே கூடாது. ரிவர்ஸ் பத்தி சொல்லவே வேணாம், பென்னாகரத்துல சந்தை நாள்ல மாட்டிக்கிட்டா அவ்ளோதான். டிராக்டர் டிரெய்லர்ல ரிவர்ஸ் எடுத்துப் பழகின நம்ம ஊர் பசங்களுக்கு மட்டும் இது ஒரு மேட்டரே இல்ல.

இப்ப மேட்டடார். இதைப் பத்தி எழுதுறப்பவே மனசு கொஞ்சம் எளகுது, கல்யாணத்துக்கு, பால் வண்டிக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு காலத்துல நம்ம பக்கம் எல்லாத்துக்கும் அதுதான். பஜாஜ் டெம்போ கம்பெனி, ஜெர்மனி ஹாம்பர்க்ல இருந்த டெம்போ கம்பெனியோட சேந்து வந்த வண்டி, பிற்பாடு அதுல மெர்சிடிஸோட ஓஎம் 616-னு 2.4 லிட்டர் டீசல் இன்ஜின் வந்துச்சு, அந்த இன்ஜினுக்கு சாவே கிடையாதுன்னு மெக்கானிக்குங்க இன்னும் சொல்வாங்க. தரை தாழ்வா இருக்கும், ஏறி இறங்க சுலபம், அந்த வட்ட மூஞ்சிய பாத்தா ரோட்டுல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. பழசை சரி பண்றோம்ங்கிற சந்தோஷம் முழுசா கிடைக்கணும்னா இதுதான். ஆனா பாடி. ஜன்னலுக்குக் கீழ, சக்கரத்துக்கு மேல, கதவு ஓரம்னு எங்க தொட்டாலும் துரு, டிங்கரிங் ஆள் வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டி கடைசில பழைய தகடு எது புது தகடு எதுன்னு தெரியாத நிலைமைக்கு வந்துடும். கண்ணாடி, கதவு பூட்டு, டேஷ்போர்டு சாமானெல்லாம் காயலான் கடை காயலான் கடையா தேடணும். இன்ஜின் சாமான் பரவால்ல, அதே இன்ஜின் ரொம்ப நாள் டிராக்ஸ், டிராவலர்லயும் ஓடினதால கிடைச்சிடுது.

மேட்டடார் வாங்குறவங்க நெறைய பேர் சொல்றது, விண்டேஜ்னு ரிஜிஸ்டர் பண்ணிட்டா தொல்லை இல்லன்னு. 2021-ல வந்த அந்த விதிய முழுசா படிங்க. முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் ஆகியிருக்கணும், ஒரிஜினல் ரூபத்துலயே இருக்கணும், பாடி சேஸ் இன்ஜின்ல பெருசா கைய வச்சிருக்கக் கூடாது. நம்பர்ல விஏ-ன்னு எழுத்து வரும், பாக்க கெத்தா இருக்கும், ஆனா அந்த வண்டிய தினப்படி ரோட்டுல ஓட்டக் கூடாது, கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு இப்படித்தான் எடுக்கலாம். கட்டில் போட்டு ஒகேனக்கல் போறதுக்கு அது ஆகாது. அதனால சாதாரண சொந்த வண்டியாத்தான் வைக்கணும், 15 வருஷம் தாண்டினதுக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், அந்த கட்டணமும் 2022 ஏப்ரல்ல கார் வகைக்கு 600-ல இருந்து 5,000 ரூபாய்னு ஏத்தினாங்க, 2025-ல 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 10,000 ஆக்கிட்டாங்க.

சரி டிராவலர். 1987-ல அதே பஜாஜ் டெம்போ விட்டது, இப்ப ஃபோர்ஸ் மோட்டார்ஸ். மெர்சிடிஸ் டி1-ங்கிற வேனோட டிசைன், அந்த டி1-ஐத்தான் ஜெர்மனிக்காரங்க வரிசையா கேம்பரா மாத்தி ஓட்டிட்டிருந்தாங்க, அதனால இந்தப் பொட்டிக்குள்ள வீடு கட்டலாமாங்கிற கேள்விக்கு எப்பவோ பதில் வந்தாச்சு. நம்ம பக்கம் ஸ்கூல் வேன், கம்பெனி வேன், டூரிஸ்ட் வேன்னு தெருவுக்கு ஒண்ணு நிக்குது, மெக்கானிக் இல்லாத ஊரு கிடையாது, ஊத்தங்கரையில நின்னாலும் அஞ்செட்டியில நின்னாலும் பார்ட்ஸ் மறுநாள் பஸ்ல வந்துடும். கதவு இடது பக்கம். தனியா இழுக்கிற வண்டி வேணாம், ரெண்டு ஆர்சி ரெண்டு இன்சூரன்ஸ் வேணாம். சாதாரண கார் லைசென்ஸே போதும், 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற வண்டிக்கு எல்எம்வி லைசென்ஸ் செல்லும்னு சுப்ரீம் கோர்ட் 2017-லயும் 2024-லயும் சொல்லிடுச்சு, டிராவலர் அதுக்கு ரொம்ப கீழ.

எதைப் பாத்து வாங்குறதுன்னு கேட்டா, கிருஷ்ணகிரி டூ தர்மபுரி ரோட்டுல ஒரு ஷெட்டுல வயசான மிஸ்திரி ஒருத்தர் காமிச்சத அப்படியே சொல்றேன். வண்டி புதுசா பெயிண்ட் அடிச்சு மினுமினுன்னு நின்னுச்சு, மச்சான் கதவத் திறந்து சீட்ட எண்ணிட்டு இருந்தான். அவரு, "தம்பி, பெயிண்ட்டு நான் அடிச்சதுதான், அதை எதுக்கு பாக்குற, கீழ படு"ன்னாரு. ஒரு சாக்கு விரிச்சு அடியில படுத்தோம். பின் சக்கரத்துக்கு முன்னாடி தரைத் தகடும் சைடு தகடும் சேர்ற எடத்துல அண்டர்கோட்டிங் கருப்பா தடவியிருந்துச்சு, அவரு ஸ்க்ரூ டிரைவர் முனைய வச்சு சும்மா அழுத்தினாரு, குத்தக்கூட இல்ல, சொய்ங்னு உள்ள போயிடுச்சு, உள்ளருந்து துருவோட ஒரு துணி வந்துச்சு. ஓட்டையில பழைய துணிய அடைச்சு மேல பட்டி பாத்து கருப்பு அடிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் சேஸ் ரயில் மேல கைய ஓட்டி, கமான் பட்டை மாட்டுற பிராக்கெட் பக்கத்துல வெல்டிங் தையல் இருக்கான்னு பாக்கச் சொன்னாரு. அங்க தையல் இருந்தா வண்டி எப்பவோ ஓவர்லோடுல ஒடிஞ்சிருக்குன்னு அர்த்தம், விலைய பேசக்கூட வேணாம் கிளம்புங்கன்னாரு. அந்த வண்டிய அவரு கிட்டயே விட்டுட்டு வந்தோம், அவருக்கும் அதுல வருத்தமில்ல, டீ வாங்கிக் குடுத்துதான் அனுப்பினாரு.

மேல் கூரையும் பாருங்க. டூரிஸ்ட் வேன்ல கேரியர் கட்டின போல்ட் ஓட்டை, ஏசி வச்சு எடுத்த ஓட்டை எல்லாம் இருக்கும், அது வழியா இறங்குற தண்ணி சீலிங் துணிக்குள்ள ஓடி எங்கயோ தூரத்துல சொட்டும், அதனால ஒரு பக்கெட் தண்ணிய மேல ஊத்திட்டு கால் மணி நேரம் உள்ள உக்காந்து பாக்கணும். அப்புறம் உள்ள நிமிந்து நில்லுங்க, பழைய மாடல்ல ஆறடி ஆளுக்கு தலை இடிக்கும், தலை இடிக்கிற வண்டிய நீங்க ஒரு வருஷத்துல வித்துடுவீங்க. நாலு பேர் படுக்கணும்னா வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம், பெருசா இருக்கிறதா பாக்கணும், ரெண்டு பேருக்கு 3350 மில்லிமீட்டர் போதும்.

டிராவலர்ல தலைவலி ஒண்ணுதான், பேப்பர். நம்ம ஊர்ல கிடைக்கிறது பெரும்பாலும் டி போர்டு. அதை அப்படியே வச்சிருந்தா 8 வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று), பெர்மிட், ரோடு டாக்ஸ்னு போயிட்டே இருக்கும். சொந்த வண்டியா மாத்தினா, 15 வருஷம் தாண்டினதுக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவ பிரேக் இன்ஸ்பெக்டர பாத்தா போதும். மாத்துறதுக்கு பெர்மிட் சரண்டர், பேங்க் லோன் இருந்தா எச்பி கேன்சல், பாக்கி டாக்ஸ், பாக்கி செலான் எல்லாம் கிளியர் ஆகணும், இது எல்லாத்தையும் விக்கிறவர் பேர்ல இருக்கிறப்பவே முடிச்சுக் குடுக்கச் சொல்லி அதுக்கப்புறம்தான் மிச்சக் காச கொடுக்கணும். நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் முழுப் பணத்தையும் கொடுத்துட்டு, பழைய ஓனர் மேல இருந்த செலான் பாக்கிக்காக மாசக்கணக்குல ஆபீஸ் வாசல்ல நின்னாரு. நம்பர் டிஎன் 24, 29, 70-க்குள்ள இருந்தா வேலை சுலபம், வெளி மாநில வண்டி விலை கம்மின்னு பெங்களூர்ல போய் எடுத்தா என்ஓசி, மறுபடி டாக்ஸ்னு அந்த லாபம் அங்கயே கரைஞ்சிடும், ஓசூர் தாண்டினா பெங்களூர்ங்கிறதால நம்ம ஆளுங்க நிறைய பேர் இதுல விழுறாங்க.

அடுத்து உள்ள வேலை. சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து ஆர்சியில எழுதியிருக்கிறது மாறுற மாதிரி எதையும் மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே கறாரா சொல்லிடுச்சு. மோட்டார் கேரவனுக்குன்னு ஏஐஎஸ் 124-ன்னு தனி தர நிர்ணயம் இருக்கு, அப்ரூவல் வாங்கின பாடி பில்டர் கிட்ட போனா அவங்க அந்த முறையில பண்ணி கேம்பர்னு ஆர்சியில ஏத்தித் தருவாங்க, செலவு அதிகம். சேஸ வெட்டாம, கூரைய உயர்த்தாம, நீளத்த கூட்டாம உள்ள கழட்டி மாட்டுற மாதிரி கட்டில் பெட்டி வைக்கிறது ஒரு வழி. ஆனா சீட் எண்ணிக்கை மாறுதுன்னா அதையும் ஆர்சியில திருத்திக்கணும், போல்ட் போட்ட சாமான்தானேன்னு அலட்சியமா விடக் கூடாது. கரூர், நாமக்கல் பக்கம் பஸ் லாரி பாடி கட்டுறவங்க கிட்ட போனா வேலை சுத்தம், ஆனா சின்ன வேலைக்கு உங்கள காக்க வச்சிடுவாங்க.

ஷூட்டிங் கேரவன் செகண்ட் ஹேண்ட்ல வருதே, அதை வாங்கினா என்னன்னு ஒரு கேள்வி வரும். பெருசு, கனம், ஜெனரேட்டர் இல்லாம ஏசி ஓடாது, டீசல் உறிஞ்சும், வத்தல்மலை கொண்டை ஊசியில திருப்ப முடியாது. வீட்டு முன்னாடி நிறுத்த எடம் இருந்தாக் கூட வேணாம்.

வெயில் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா வீடியோ எடுக்கிறவன் குளிர்ல எடுக்கிறான், நம்ம ஊரு ஏப்ரல் மே அவனுக்குத் தெரியாது. அலுமினியமோ தகடோ எதுவா இருந்தாலும் மத்தியானத்துல உள்ள உக்கார முடியாது. சுவத்துல ஃபோம் வச்சா மட்டும் பத்தாது, உள்ள இருக்கிற இரும்பு கூடு வழியா சூடு நேரா உள்ள வந்துடும், அந்த ரிப் மேலயும் ஒரு லேயர் போர்த்தணும். கூரையில காத்து வெளிய தள்ளுற ஒரு ஃபேன், 30 வாட்ஸ்ல சுத்துற, கரண்டு கம்மியா இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் ஒண்ணு, அதுக்கு 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒண்ணு, ராத்திரிக்கு இது தாராளம். டிராவலர்ல இன்ஜின் ஓடுறப்பவே பேட்டரி சார்ஜ் ஆகுற மாதிரி செஞ்சுக்கலாம், டிரெய்லர்ல அதுக்கு தனி வயர் இழுக்கணும். சிலிண்டர் 5 கிலோ சின்னதா வாங்கி, அடியில ஓட்டை இருக்கிற தனி அறையில வைங்க, எல்பிஜி காத்த விட கனம், லீக் ஆனா கீழதான் தங்கும், மேல ஜன்னல் திறந்து வச்சிருக்கேன்னு சொல்றது ஒண்ணுத்துக்கும் ஆகாது. ராத்திரி எங்க நிறுத்துறதுங்கறதும் முன்னாடியே யோசிங்க, அஞ்செட்டி ஒகேனக்கல் ரோடு பாக்க அழகுதான், ஆனா அது காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயப் பக்கம், யானை நடமாட்டம், ஓரமா நிறுத்தித் தூங்குற எடம் கிடையாது. ஒகேனக்கல்லயே தமிழ்நாடு ஹோட்டல் மாதிரி எடத்துல கேட்டு நிறுத்துங்க.

கடைசியா, ஓட்டவே வேணாம், தோப்புலயே நிக்கட்டும்னு நினைக்கிறவங்களுக்கு. என் மாமனாரு மாந்தோப்புல காய்ப்பு நேரத்துல காவலுக்கு ஆள் படுக்கணும், மத்த நாள்ல வீட்டு ஆளுங்க வந்து போவாங்க, அதுக்கு எனக்கு டிரெய்லர்தான் சரின்னு படுது. ரோட்டுக்கு வராததால ஆர்சி, பிரேக், கொக்கி எடை எந்தக் கவலையும் இல்ல, பழைய சைட் கேபின எடைக்கு வாங்கி லாரியில ஏத்திட்டு வந்து இறக்கினா முடிஞ்சது. பழசை சரி பண்ற ஆசையையும் இதுல முழுசா தீத்துக்கலாம், உருண்டை மூஞ்சி வேணுமா, றெக்க வேணுமா, ரிவெட் அடிச்ச அலுமினியம் வேணுமா, யாரு கேக்கப் போறா. கவனிக்க வேண்டியது வேற. டயர் மேலயே நிறுத்தாதீங்க, ரெண்டு வெயில்ல வெடிச்சிடும், சேஸுக்கு கீழ நாலு மூலையிலயும் கருங்கல் வைங்க, நம்ம ஊர்ல கல்லுக்கா பஞ்சம். மரத்தடியில வச்சா நிழல் கிடைக்கும், ஆனா மாம்பால் ஒட்டும், இலை சேந்து தண்ணி தேங்கும், அதனால மரத்துக்கு கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மேல ஒரு அடி இடைவெளி விட்டு தனியா ஷீட் கூரை போடுங்க, வெயிலும் மழையும் ரெண்டும் தீர்ந்துடும். தோப்புல பெரிய எதிரி கரையான். உள்ள பிளைவுட் போடுறவங்க மரைன் பிளைவுட்னாலும் நம்பாம, கல்லுக்கும் சேஸுக்கும் நடுவுல தகடு ஒண்ணு வைங்க, வயர் பைப்பு எதுவும் மண்ணுல இருந்து நேரா உள்ள ஏறாம பாத்துக்கங்க, அது வழியாத்தான் ஏறும். சிமெண்ட் போர்டோ ஏசிபி ஷீட்டோ போட்டா அந்தத் தொல்லையே இல்ல, ஆனா மர வாசனைக்குத்தான் இதை எல்லாம் பண்றோம்னு மச்சான் அடம் பிடிக்கிறான்.

செலவு கணக்குல ஒண்ணு மட்டும். மேட்டடார் வாங்குறப்ப சல்லிசா தெரியும், ஆனா டிங்கரிங் கூலி எங்க போய் நிக்கும்னு எந்த மிஸ்திரியும் முன்கூட்டியே சொல்ல மாட்டாரு, பிரிச்சாதான் தெரியும்பாரு, உண்மையும் அதுதான். டிராவலர் வாங்குற விலை அதிகம், சரி பண்ற செலவு ஓரளவுக்கு கணக்குல நிக்கும், பிடிக்கலன்னா வித்தாலும் ஆள் இருக்கு. நின்ன டிரெய்லர வாங்குறப்பவும் கம்மி, விக்கிறப்பவும் எடைக்குத்தான் போகும்.

இப்ப பாலக்கோட்டுல ஒரு ஸ்கூல் வேன் டிராவலர் விலைக்கு வருது, டிஎன் 29 நம்பர், ஒரே ஓனர், எஃப்சி இன்னும் நடப்புல இருக்கு. டிங்கரிங் மிஸ்திரியையும் கூட்டிட்டுப் போறோம். அடிச்சட்டம் சரியா இருந்தா அட்வான்ஸ், அதுவும் பெர்மிட் சரண்டர் பண்றதா எழுதிக் கொடுத்தா மட்டும். உள்ள சீட்ட கழட்டுறது ஆர்சி நம்ம பேருக்கு மாறி, சீட் திருத்தத்துக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல அனுமதி வாங்கினதுக்கு அப்புறம்தான், அதுக்கு முன்னாடி ஒரு போல்ட் கூட தொடக் கூடாதுன்னு மச்சான் கிட்ட சொல்லி வச்சிருக்கேன். கழட்டுற சீட்டையும் விக்காம தோப்புல தார்ப்பாய் போட்டு வைக்கணும், பின்னாடி யாருக்காவது விக்கிறப்ப அவங்க திரும்ப வேன் ஓட்டணும்னு கேட்டா ஒரிஜினல் சீட்டுக்கு தனி விலை இருக்கு.